அரண்மனைகளை விட்டு ஆற்றோடு: லுவார் சைக்கிள் பாதை பற்றி ஒரு மதிப்பீடு

பிரான்சின் ஆற்றங்கரை நாட்டுப்புறத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க நினைப்பவர் காதில் முதலில் விழும் பெயர் லுவார். நெவேர் நகருக்கு அருகிலுள்ள கியூஃபி என்ற சிற்றூரில் தொடங்கி அட்லாண்டிக் கரையில் உள்ள சான்-ப்ரெவான் வரை சுமார் 900 கி.மீ. செல்கிறது ‘லா லுவார் ஆ வெலோ’ பாதை. கருங்கடல் வரை நீளும் ‘யூரோவெலோ 6’ என்ற நெடும்பாதையின் மேற்குப் பகுதியும் இதுவே. 1990களின் நடுவில் இரண்டு பிராந்திய மன்றங்கள் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. பிரான்சில் பிறகு வந்த ஆற்றுப் பாதைகள் பல இதை முன்மாதிரியாகக் கொண்டவை. அதனால் லுவார் பாதையை எடைபோடுவது அந்த நாட்டின் சைக்கிள் பயண முறையையே எடைபோடுவதாகிறது.

இந்தப் பாதையைப் பற்றி இரண்டு பெருமைகள் ஓயாமல் சொல்லப்படுகின்றன. அரசர்களின் அரண்மனைகள் வரிசையாக நிற்கும் தோட்டம் இது என்பது ஒன்று. ஐரோப்பாவின் கடைசிக் கட்டுப்படாத பேராறு இது என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பிப் போகிறவர் பாதையின் சிறந்த பகுதிகளைக் கவனிக்காமல் கடந்துவிடுவார் என்பது என் கருத்து.

முதலில் அரண்மனைகள். ப்ளுவாவும் அம்புவாசும் ஷோமோனும் லுவாரைப் பார்த்தபடி நிற்பவை. அவற்றின் அழகை மறுக்க முடியாது. லியொனார்டோ டா வின்சி 1519இல் இறந்தது அம்புவாசில்தான். ஆனால் பெரும்பாலோர் மனத்தில் வைத்து வரும் அரண்மனைகள் லுவார் கரையில் இல்லை. ஷம்போர் இருப்பது கோசோன் என்ற சிற்றாற்றின் ஓரம். அதைச் சூழ்ந்த காட்டின் மதில் 32 கி.மீ. நீளமுடையது. அந்த அரண்மனைக்கு வேண்டிய கல் லுவார் வழியாகப் படகில் வந்து சான்-தியே என்ற துறையில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் போயிற்று. ஷெனோன்சோ ஷேர் ஆற்றின் மேல் கட்டப்பட்டது. அசே-ல-ரிதோ ஆந்த்ர் ஆற்றில் நிற்கிறது. விலாந்த்ரியின் தோட்டங்கள் ஷேர் ஆற்றை அடுத்தவை. இவற்றையெல்லாம் பார்க்கப் புறப்பட்டால், ஆற்றோரப் பயணமாகத் தொடங்கியது கிளைவழிகளில் நுழைந்து திரும்பும் அலைச்சலாகிவிடும்.

பாதையும் இந்த இடத்தில்தான் ஆற்றை அதிகம் கைவிடுகிறது. அம்புவாசிலிருந்து தூர் நகருக்குப் போகும்போது கரையை விட்டுத் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மேட்டுக்கு ஏறி இறங்க வேண்டும். சுமை கட்டிய சைக்கிளில் அது சிறு பாடு, அவ்வளவுதான். பெரிய இழப்பு வேறு. அரண்மனை ஒன்றை ஒழுங்காகப் பார்க்க அரை நாள் தேவை; அந்த அரை நாளும் ஓட்டுவதற்கு மிக நல்ல நேரத்திலிருந்தே கழிகிறது. வெளியே பைகளோடு நிற்கும் வண்டியின் நினைவு உள்ளே மனத்தை அமைதியாக இருக்க விடாது. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அரண்மனைகளுக்கு ரயிலும் பேருந்தும் போகின்றன. சைக்கிளால் மட்டுமே கிடைக்கக்கூடியதை அங்கே செலவழிப்பது வீண்.

யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் சுல்லியிலிருந்து ஷலோன் வரையிலான லுவார் பள்ளத்தாக்கை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அரண்மனைகளை மட்டும் எண்ணிச் சேர்க்கவில்லை. ஆறும் மனித உழைப்பும் சேர்ந்து பல நூற்றாண்டுகளாக உருவாக்கிய நிலக்காட்சி என்றே சேர்த்தது. துறைகள், கரைகள், ஊர்கள், தோட்டங்கள் எல்லாம் அதில் அடக்கம். விளம்பரங்கள் அந்த முழுமையிலிருந்து கோபுரங்களை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டன.

அடுத்தது ‘கட்டுப்படாத ஆறு’ என்ற பெருமை. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பாதி உண்மை இருப்பதால்தான் இது நிலைத்திருக்கிறது. பெரிய கப்பல்கள் நாந்துக்கு மேலே வருவதில்லை. கோடையில் நீர் வற்றி மணல்திட்டுகள் தலைகாட்டும். ஆலாப் பறவைகள் அவற்றில் முட்டையிடும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் திட்டுகள் இடம் மாறும். ரைன், ரோன் ஆறுகளில் இப்படி ஒரு காட்சியை இன்று நீண்ட தூரத்துக்குக் காண முடியாது.

ஆனால் மேலே வில்ரெஸ்த் அணையும் நோசாக் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. கோடையில் லுவாரில் ஓடும் நீரின் ஒரு பங்கு அங்கிருந்து திறந்துவிடப்படுவது. அப்படித் திறக்க ஒரு முக்கியக் காரணம், கீழே பெல்வில், தாம்பியேர், சான்-லோரான், ஷினோன் என்ற நான்கு அணுமின் நிலையங்கள் குளிர்விக்கும் நீருக்கு இந்த ஆற்றை நம்பியிருப்பது. பாதையில் போகிறவர் அவற்றின் கோபுரங்களைப் பார்க்காமல் போக முடியாது. விளம்பரப் படங்களில்தான் அவை தென்படுவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் கட்டடங்களுக்காக அள்ளிய மணலால் ஆற்றுப்படுகை பல இடங்களில் தாழ்ந்து போனது. தூர் நகரின் பழைய கல்பாலம் 1978 ஏப்ரலில் இடிந்து விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கட்டுப்படாத ஆறு என்ற பேச்சு இவற்றை மறைக்கிறது.

அந்தப் பேச்சு மறைக்கும் இன்னொன்றும் உண்டு. அது பெருமைப்பட வேண்டிய செய்தி. 1989இல் லுவாரின் தலைப்பகுதியில் ல-புய் நகருக்கு மேலே செர்-த-லா-ஃபார் என்ற இடத்தில் அணை கட்ட ஏற்பாடானது. மக்கள் அந்த இடத்திலேயே முகாமிட்டு, ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 1994இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1998இல் இந்த ஆற்று முறைமையைச் சேர்ந்த இரண்டு பழைய அணைகள், அல்லியே ஆற்றில் ஒன்றும் வியன் ஆற்றில் ஒன்றுமாக, மீன்களின் வழிக்காக இடிக்கப்பட்டன. இன்றைய லுவாரின் மணல்திட்டுகள் இயற்கை தானாகத் தந்த வரம் மட்டுமல்ல. சண்டை போட்டுக் காப்பாற்றியவர்களும் அதில் இருக்கிறார்கள். இந்தக் கதை நடந்த இடம் சைக்கிள் பாதைக்கு வெளியே இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மோன் ழெர்பியே த ழோன்க் மலையடியில் பிறந்து, பாறைப் பள்ளங்களில் இறங்கி வரும் இளம் லுவாரை, ஆற்றின் மொத்த நீளத்தில் ஏறத்தாழப் பாதியை, இந்தப் பெயர் கொண்ட பாதை தொடுவதே இல்லை. மேட்டுநிலத்தில் பாதை போடுவது கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்ட பாதையிடம் அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த இரண்டு பெருமைகளையும் தள்ளி வைத்தபின் மிஞ்சுவது எது? கரை. வெள்ளத்தைத் தடுக்க மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பி, லுவாரின் இருபுறமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீளும் உயர்ந்த கரை. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘லெவே’ என்கிறார்கள். சைக்கிள் பாதையின் பெரும்பகுதி அதன் மேலோ அதன் அடியிலோ ஓடுகிறது. என் மதிப்பீட்டில் இந்தப் பாதையின் ஒப்பற்ற பொருள் இதுதான். எந்த அரண்மனையும் இதற்கு ஈடாகாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆன்ழூ நாட்டை ஆண்ட இரண்டாம் ஹென்றியின் காலத்திலேயே கரை வேலை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆட்சியும் கரையை உயர்த்தியது, நீட்டியது. கரைக்கு உள்ளே வளமான வண்டல் நிலத்தில் உழவும் ஊர்களும் பெருகின. ஆற்றுக்கு விட்ட இடமோ குறுகியது. குறுகிய இடத்தில் வெள்ளம் இன்னும் உயரமாக எழுந்தது; அதற்காகக் கரையை இன்னும் உயர்த்தினார்கள். 1846, 1856, 1866 என்று இருபது ஆண்டுக்குள் மூன்று பெருவெள்ளங்கள் வந்தன. மூன்றும் கரையைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தன. அந்த ஆண்டுகளையும் நீர் நின்ற உயரத்தையும் பொறித்த கோடுகள் இன்றும் வீட்டுச் சுவர்களிலும் பாலத் தூண்களிலும் இருக்கின்றன. ஓட்டுபவர் நின்று பார்த்தால் பல கோடுகள் அவர் தலைக்கு மேலே இருக்கும்.

ஏரிக்கரை மேல் நடந்தவர்களுக்கு இந்தக் கரை தரும் பார்வையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மணல், தீவுகள். மறுபக்கம் காலடிக்குக் கீழே கூரைகள், காய்கறித் தோட்டங்கள், ஆப்பிள் மரங்கள். எது எதிலிருந்து காப்பாற்றப்படுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. காரில் இந்த உயரம் ஒரு நொடியில் கடந்துபோகும். நடப்பவருக்கு மாற்றங்கள் மெல்லத்தான் வரும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் ஒரு வளைவில் தீவும் அடுத்த வளைவில் தேவாலயக் கோபுரமும் அதற்கடுத்ததில் உடைந்து அடைக்கப்பட்ட கரையும் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள்படுகின்றன. கனமான பைகளோடு போகும் வண்டிக்கு மேடுபள்ளம் இல்லாத வழியும் கரைதான் தருகிறது. இன்றைய சைக்கிள் பயணியின் வசதி, அன்று வெள்ளத்துக்கு அஞ்சி மண் சுமந்தவர்களின் உழைப்பு. இதை அறிந்து ஓட்டுவதற்கும் அறியாமல் ஓட்டுவதற்கும் வேறுபாடு பெரிது. பாதையோரத் தகவல் பலகைகள் அரண்மனைக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பங்கையாவது கரைக்குக் கொடுக்க வேண்டும்.

கியூஃபிக்கும் ஓர்லெயானுக்கும் நடுவிலுள்ள மேற்பகுதியை நான் உயர்வாக மதிப்பதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. லுவாரும் அல்லியேயும் கூடும் இடத்தில் தொடங்கும் இந்தப் பகுதி ஆற்றுத் தொழிலின் வரலாற்றைப் படிப்படியாகக் காட்டுகிறது. 1642இல் முடிந்த ப்ரியார் கால்வாய் லுவாரைச் சேன் ஆற்றோடு இணைத்தது. கால்வாய்ப் படகுகள் லுவாரைக் குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறித் தடுத்தன. அதனால் ஆற்றுக்கு மேலே ஒரு நீர்ப்பாலமே கட்டினார்கள். 1896இல் திறந்த ப்ரியார் நீர்ப்பாலம் 662 மீட்டர் நீளம். தூண்களைக் கட்டியது குஸ்தாவ் ஈஃபெலின் நிறுவனம். அதன் ஓரத்து நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில் பக்கத்தில் படகு போகும். இரண்டுக்கும் கீழே லுவார் போகும். கட்டும்போதே காலம் கடந்துவிட்ட பாலம் அது. ரயில் 1843இல் ஓர்லெயானுக்கும் 1846இல் தூருக்கும் 1851இல் நாந்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. தட்டையான அடியும் சதுரப் பாயும் கொண்ட லுவார் படகுகள் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. ஷாத்தோநெஃப் ஊரில் அந்தப் படகோட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டமில்லாத அந்த இடத்தைப் பார்த்தவருக்குப் பிறகு வரும் துறைகளில் படிக்கட்டுகளும் இரும்பு வளையங்களும் எதற்கென்று புரியும்.

இந்தப் பகுதியின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஊர்கள் மெலிந்துவிட்டன. அடுத்த ஊரில் ரொட்டிக்கடை இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. இருந்தாலும் நண்பகலில் சாத்தியிருக்கும், பல இடங்களில் திங்கட்கிழமை முழுவதும் திறக்காது. ‘அக்கேய் வெலோ’ என்ற சான்று பெற்ற விடுதிகள் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், வண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் தர வேண்டும் என்பது விதி. நல்ல ஏற்பாடு, லுவாரில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. ஆனால் சான்று பெற்ற இடங்கள் அரண்மனைப் பகுதியில் நெருக்கமாகவும் இங்கே அரிதாகவும் இருக்கின்றன. பணம் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கே சைக்கிள் பயணிகளின் பணமும் போகிறது. நாட்டுப்புறத்துக்கு உயிரூட்டுவோம் என்று சொல்லிப் போட்ட பாதைக்கு இது சிறிய குறை அல்ல.

இனி கீழ்ப்பகுதி. வியன் ஆறு லுவாரில் கலக்கும் கான்த்-சான்-மார்த்தானிலிருந்து நாந்து வரை சுமார் 200 கி.மீ. முழுப் பாதையிலும் இதற்கே நான் முதலிடம் தருவேன். மோன்சோரோவைத் தாண்டியதும் கரையோரக் குன்று வெண்மையாகிறது. தூஃபோ என்னும் மென்மையான சுண்ணக்கல் அது. அரண்மனைகளும் தேவாலயங்களும் இந்தக் கல்லால் எழுந்தவை; வெட்டிய கல் படகில் ஏறி ஆற்று வழியாகவே போயிற்று. கல்லை எடுத்த குழிகளில் ஏழைகள் குடியேறினார்கள். கதவும் சன்னலும் புகைபோக்கியும் வைத்த குகைவீடுகள் வரிசையாக இருக்கின்றன. பழைய சுரங்கங்களில் பிறகு காளான் வளர்த்தார்கள். சூசே ஊரில் பாதை பாறைக்குள் குடைந்த பழைய தெரு வழியாகவே செல்கிறது. ஒரே கல் ஒருவருக்கு அரண்மனை ஆயிற்று, இன்னொருவருக்குக் குழி ஆயிற்று. அம்புவாசில் எவ்வளவு நேரம் நின்றாலும் இது தெரியாது. இங்கே நின்ற இடத்தில் தெரிகிறது.

அப்பால் சான்-ஃப்லோரான்-ல-வியேய். எழுத்தாளர் ழுலியான் கிராக் பிறந்து, முதுமையில் திரும்பி வந்து வாழ்ந்த ஊர். குன்றின் மேல் உள்ள தேவாலயத்தில் போன்ஷான் என்ற படைத்தலைவரின் கல்லறைச் சிலை இருக்கிறது. 1793 அக்டோபரில் வாந்தே உள்நாட்டுப் போரில் காயப்பட்டுச் சாகும் தறுவாயில் இருந்த அவர், அங்கே அடைக்கப்பட்டிருந்த சுமார் 5,000 குடியரசுப் படைக் கைதிகளைக் கொல்லாமல் விடச் சொன்னார். அப்படித் தப்பியவர்களில் ஒருவரின் மகன் தாவீத் தான்ழே, பிற்காலத்தில் அந்தச் சிலையைச் செதுக்கினார். அதே ஆற்றில் கீழே, நாந்தில், அந்தக் குளிர்காலத்திலேயே குடியரசின் பிரதிநிதி காரியே ஆயிரக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றி மூழ்கடித்துக் கொன்றான். ஆற்றோடு போகிறவர் மன்னிப்பிலிருந்து கொலைக்கு ஓரிரு நாளில் வந்து சேர்கிறார். இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஆற்றைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

நாந்து பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் முதன்மையான அடிமை வணிகத் துறைமுகமாக இருந்தது. ஆற்றோரத் துறையில் 2012இல் திறந்த நினைவிடத்தின் தரையில் சுமார் 2,000 கண்ணாடிப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் அடிமைக் கப்பல்களின் பெயர்கள். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த பொருள்களில் சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் இருந்தன. தமிழ் வாசகர் அங்கே நிற்கும்போது இதையும் நினைக்க வேண்டும்.

நாந்துக்குக் கீழே கழிமுகம் அகன்று, எண்ணெய் ஆலையும் மின்நிலையமும் அக்கரையில் தெரியும். அழகு குறைவு. கடலைத் தொட்டோம் என்ற நிறைவுக்காகப் போகலாம்.

மற்ற ஆறுகளோடு ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காட்சி அழகில் லோத் பள்ளத்தாக்கு லுவாரை வெல்லும். சான்-சிர்க்-லாபோபிக்குக் கீழே பாறையைக் குடைந்து அமைத்த படகிழுப்புப் பாதைக்கு நிகராக லுவாரில் எதுவும் இல்லை. ஆனால் அங்கே ஆற்றோடு தொடர்ந்து ஓட்ட முடியாது. குன்றேற்றங்களும் குறுகிய சாலைகளும் சுமை வண்டியைக் களைப்பாக்கும். 1681இல் முடிந்த மிதி கால்வாய் பொறியியல் அருமை. தூலூசிலிருந்து முதல் 50 கி.மீ. வழவழப்பாகப் போகும் பாதை பிறகு வேரும் கல்லுமாகிறது. கரையில் நின்ற பிளேன் மரங்களும் 2006 முதல் நோயால் வெட்டப்பட்டு, நிழல் போய்விட்ட இடங்கள் பல. ரோன் ஆற்றுப் பாதை ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை வருகிறது. அணைகளும் நேர்க் கால்வாய்களுமாக ஆக்கப்பட்ட ரோனில் ஆறு எது என்று தேட வேண்டியிருக்கிறது. தொடர்ச்சி, வண்டிக்கேற்ற தரை, உயிருள்ள ஆறு மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது லுவாரில்தான்.

திசையைப் பற்றியும் ஒரு கருத்து. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் என்பதால் கடலிலிருந்து கிழக்கே ஓட்டச் சொல்கிறவர்கள் உண்டு. உடல்வலுக் குறைந்தவர்களுக்கு அது சரியான அறிவுரை. மற்றவர்கள் எதிர்காற்றைப் பொறுத்துக்கொண்டு ஆற்றோடு இறங்குவதே நல்லது. துணையாறுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, நீர் அகல, ஆன்செனி அருகே ஓதம் எதிர்கொள்ளும் வரிசை மறுதிசையில் குலைந்துபோகும். மே, ஜூன், செப்டம்பர் ஏற்ற மாதங்கள். குளிர்காலத்தில் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கலாம்.

என் தீர்ப்பு இது. பிரான்சின் ஆற்றுப் பாதைகளில் லுவாருக்கு முதலிடம். ஆனால் 900 கி.மீ.யும் ஒரே தரமல்ல. பாரிசிலிருந்து ரயிலில் நெவேர் வந்து, ஓர்லெயான் வரை ஓட்டுங்கள். அங்கிருந்து தூர் வரை வண்டியோடு ரயில் ஏறுங்கள். கோடையில் அந்தத் தடத்தில் சைக்கிள்களுக்கென்று கூடுதல் இடம் ஒதுக்குகிறார்கள். தூரிலிருந்து பிரேமோன் கரை வழியாகக் கான்த் வந்து, நாந்து வரை மெதுவாகப் போங்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் கான்திலிருந்து தொடங்குங்கள். அரண்மனை பார்க்கும் ஆசை இருந்தால் அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்கி, சைக்கிளை விடுதியில் பூட்டிவிட்டுப் போய் வாருங்கள்.